பட்டன் அக்காவின் இரண்டு படங்கள்

போட்டோகிராபர் நூறு வைத்திருக்கும் ஃபிளாஷ் விளக்கின் முதுகுப் பக்கம் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. அதன் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை இரண்டு சுற்று சுற்றி ஒட்டி வைத்திருக்கிறார். "இதுக்கு என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்டால் "ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ரிப்பேருமில்லை, ஒரு மண்ணுமில்லை. அந்த சுவிட்ச் இன்றைக்கும் ஜோராக வேலை செய்யும். அது ஜோராக வேலை செய்ததால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தபால்காரரைத் தவிர அது யாருக்கும் தேவைப்படுவதில்லை. படம் எடுப்பவர்கள், கழுவுபவர்கள், பிரேம் போடுபவர்கள் எல்லோருக்கும் அவர் நூறுதான். காரணம் நூறு ஸ்பீடு ஃபிலிம். பெட்டி மேல் நூறு, இருநூறு, நானூறு என்று போட்டிருக்குமே, அதில் எண் குறைந்தால் வெளிச்சம் நிறைய வேண்டும், ஆனால் படம் வழவழவென்று விழும். எண் கூடினால் மங்கல் வெளிச்சத்திலும் எடுத்துவிடலாம், ஆனால் படம் முழுக்கப் பொடி தூவின மாதிரி புள்ளி தெரியும். மற்ற போட்டோகிராபர்கள் இடத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வார்கள். நம் ஆள் மாற்ற மாட்டார். பிடிவாதம் என்று சொன்னால் கோபம் வரும். ரசனை என்று சொல்ல வேண்டும்.

அந்த ரசனை வந்த கதை வேடிக்கையானது. சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் ஸ்டுடியோ போட்ட புதிது. எந்த ஃபிலிமை நம்புவது என்று ஒரு முடிவுக்கு வராமல் இனிமேல் காசு வாங்கிப் படம் எடுப்பதில்லை என்று கிளம்பிவிட்டார். நாலு விதமான ஃபிலிம் ரோல் வாங்கினார். நாலு நாள், தினமும் காலை பத்து மணிக்கு, வீட்டு ஜன்னலோரம் மனைவியை உட்கார வைத்தார். அதே நீலப் பூப்போட்ட உடை, பக்கத்தில் அதே அலுமினியப் பாத்திரம், அதில் அதே ஐந்து தக்காளி, தோளில் அதே வெள்ளைத் துண்டு.

மூன்றாவது நாள் மனைவி பொறுமை இழந்தார். "தக்காளி கனிஞ்சு வழியுது. நாளைக்கும் இதே தக்காளிதான் வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, நான் கடைக்குப் போய் சமையலுக்கு வேற வாங்கிட்டு வரேன்."

"ஆடாம உக்காரு. முகத்தத் திருப்பாத."

"நானா திருப்புறேன்? தூக்கத்துல தானா திரும்புது."

படங்கள் வந்தன. நாலையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு காலை முழுக்க மண்டியிட்டுக் கிடந்தார். முதல் ஃபிலிமில் மனைவிக்கு மஞ்சள் காமாலை வந்தது போலிருந்தது. இரண்டாவதில் முகம் தேவைக்கு மேல் சிவந்து, யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி. மூன்றாவது நானூறு, அதில் ஒரே புள்ளி மயம். நாலாவது, பச்சைப் பெட்டியில் வந்த நூறு. அதில் தக்காளி தக்காளியாக இருந்தது. வெள்ளைத் துண்டின் நெசவு தெரிந்தது. மனைவியின் காதோரம் பறந்த பூனைமுடியை எண்ணிவிடலாம். கண்ணுக்குக் கீழே இருந்த லேசான கருவளையம்கூட அப்படியே விழுந்திருந்தது. நூறு அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தபோது, உண்மையைச் சொன்னால், கண் கலங்கியிருந்தது.

"இதான்," என்றார்.

"நாலுலயும் நான் தூங்கித்தான் வழியறேன்," என்றார் மனைவி.

அன்றிலிருந்து அந்த ஃபிலிம்தான். ஃபிலிம் விற்கும் ஏஜென்ட் மாதத்துக்குப் பத்து ரோலுக்கு மேல் தர மாட்டான், எல்லோருக்கும் பங்கு வைக்க வேண்டும் என்பான். வந்த பத்தையும் வீட்டு பிரிட்ஜில் ஒரு தட்டு முழுக்க அடுக்கி வைப்பார். மனைவி தயிரை வைக்க இடம் தேடி அலைய வேண்டும். "எனக்குன்னு இந்த வீட்டுல ஒரு தட்டு இருக்கா? ஃபிலிமுக்கு இருக்கு," என்று மனைவி சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது. நூறு காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நண்பர்கள் கூடினால் போதும், ஃபிலிமைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். நானூறில் எடுப்பவன் போட்டோகிராபரே இல்லை, அவன் ஜெராக்ஸ் போடுகிறவன் என்பார். வாய் கொஞ்சம் நீளம்தான்.

நல்ல ஃபிலிமை நேசித்தது ஒரு குற்றமா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் ஒரு பொருளின் மேல் ஆசை முற்றிவிட்டால் அதைச் செலவழிக்கக் கை வராது. முன்பெல்லாம் கிடைத்த ஃபிலிமில் எடுத்தபோது யார் கூப்பிட்டாலும் எடுத்தவர், நூறு வந்தபிறகு ஆளைப் பார்த்து எடுக்க ஆரம்பித்தார். இந்த முகத்துக்கு ஒரு படம் தகுமா, இவர்கள் பிரதி கேட்டு வருவார்களா, சும்மா ஆசைக்கு நிற்கிறார்களா என்று மனசுக்குள் ஒரு தராசு வைத்துக்கொண்டார்.

தராசில் எடை குறைந்தவர்களுக்குத்தான் அந்த சுவிட்ச். ஃபிளாஷ் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்தது அது. அதை அழுத்தினால் விளக்கு பளிச்சென்று மின்னும், கேமரா சும்மா இருக்கும், ஃபிலிம் ஒரு அங்குலம் நகராது. கேமராவைக் கண்ணருகே தூக்கி, "சிரிங்க" என்று சொல்லி, பெருவிரலால் அந்த சுவிட்சைத் தட்டினால் போதும். எதிரே நிற்பவருக்கு வெளிச்சம் கிடைத்துவிடும், படம் கிடைத்த திருப்தியும் கிடைத்துவிடும். தொழிலில் இதற்கு வெறும் ஃபிளாஷ் என்று பெயர். இவர் மட்டும் செய்ததில்லை. விசேஷ வீடுகளில் முப்பதாவது தடவை வந்து நிற்கும் வாண்டுகளுக்கும், போதையில் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் ஆசாமிகளுக்கும் எல்லாப் போட்டோகிராபர்களும் அடித்ததுதான். மற்றவர்கள் வாண்டுகளோடு நிறுத்திக்கொண்டார்கள். இவர் நிறுத்தவில்லை.

சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் வருஷா வருஷம் ஆண்டு விழா நடக்கும். படம் எடுக்க நூறுவைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே கடைசி மேஜையில் ஒரு அம்மாள் இருந்தார். தைத்து வரும் சட்டைகளில் பட்டன்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, தளர்ந்திருப்பதைக் கையால் தைத்து இறுக்குவது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் பட்டன் அக்கா. ஒரு வருஷம் விழா தொடங்குமுன் நூறு விளக்கை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்று அவர் சட்டையையே பார்த்தார்.

"தம்பி, ரெண்டாவது பட்டன் தொங்குது. அசையாம நில்லுங்க."

சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. போட்டபடியே தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டார். நூறு நன்றி சொன்னாரா என்று அவருக்கே ஞாபகமில்லை.

அடுத்த வருஷ விழாவில்தான் அது நடந்தது. பரிசு, பேச்சு, பாட்டு எல்லாம் முடிந்து கூட்டம் கலையும் நேரம். ஆறாவது ரோலில் மூன்று படம் மிச்சம். மேனேஜர் வீட்டார் காரில் ஏறும்போது வாசலில் நிறுத்தி எடுக்க வேண்டும் என்று அந்த மூன்றையும் நூறு பொத்தி வைத்திருந்தார். அப்போது பட்டன் அக்கா வந்தார். முகம் கழுவி, தலையை வாரி, யாரிடமோ இரவல் வாங்கிய மெல்லிய சால்வையைத் தோளில் போட்டிருந்தார்.

"தம்பி, என்னை ஒண்ணு எடுக்குறீங்களா? கூட்டத்தோட எடுத்ததுல எல்லாம் நான் யாருக்காவது பின்னாலதான் இருக்கேன். தனியா ஒண்ணுகூட இல்ல."

"அதுக்கென்னக்கா, நில்லுங்க."

அக்கா சுவரோரம் போய் நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கோத்து, பிறகு பிரித்து, மறுபடி கோத்துக்கொண்டார். நூறு கேமராவைத் தூக்கினார். பெருவிரல் அதன் பாட்டுக்கு சுவிட்சுக்குப் போனது. பளிச்.

"ஐயோ, கண்ண மூடிட்டேன்னு நினைக்கிறேன் தம்பி. மூடிட்டேனா?"

"இல்லக்கா, நல்லா வந்திருக்கு."

"எதுக்கும் இன்னொண்ணு எடுத்துடுங்களேன். இந்தத் தடவ மூட மாட்டேன்."

மறுபடி பளிச். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நூறு அதற்குள் வாசலுக்கு ஓடிவிட்டார், கார் கிளம்பிக்கொண்டிருந்தது.

படம் கேட்டு அக்கா இரண்டு தடவை ஸ்டுடியோ படியேறி வந்தார். "இன்னும் பிரிண்ட் போடலக்கா" என்றார் நூறு முதல் தடவை. "கம்பெனி ஆல்பம் முடியட்டும்க்கா" என்றார் இரண்டாவது தடவை. அப்போதே சொல்லியிருக்கலாம். வாங்க அக்கா, இப்படி உட்காருங்க, இன்னொன்று எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அரை மணி நேர வேலை. சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டிய இடத்தில் வெட்கப்படாமல், சொல்ல வேண்டிய இடத்தில் வெட்கப்பட்டார். மூன்றாவது தடவை அக்காவைத் தெருவில் எதிரே கண்டபோது நம் ரசிகர் சட்டென்று பக்கத்துச் சந்தில் நுழைந்துவிட்டார். ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று, வேண்டாத தலைவலி மாத்திரை ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அதன் பிறகு அக்கா வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் ஒரு இளம்பெண் படியேறி வந்தாள். விரலில் தையல்காரர்கள் மாட்டும் இரும்புத் தொப்பியைக் கழற்ற மறந்து வந்திருந்தாள்.

"மாமா, நான் பட்டன் அக்கா பொண்ணு. அம்மா உங்கள தம்பின்னுதான் சொல்லுவாங்க, அதான் மாமான்னு கூப்பிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"வாம்மா, உக்காரு. அக்கா எப்படி இருக்காங்க?"

"அம்மா போய்ட்டாங்க மாமா. பதினோரு நாளாச்சு. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், போற வழியிலயே…" அவள் அங்கேயே நிறுத்திக்கொண்டு மூச்சை இழுத்தாள். "வீட்ல மாட்ட ஒரு படம் இல்ல. ஆனா நீங்க எடுத்தீங்களாமே. ரெண்டு எடுத்தீங்களாம். மொதல்ல கண்ணு மூடியிருக்கும், ரெண்டாவதத்தான் வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அந்த ரெண்டாவது படத்தப் பெருசாப் போட்டுத் தரணும் மாமா."

 நூறுவுக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது. வெளியே வந்தது வேறு.

"அது… லேப்ல கெட்டுப் போச்சும்மா. அந்த ரோலோட கடைசித் துண்டு கழுவுறப்ப மெஷின்ல மாட்டிக் கிழிஞ்சிடுச்சு. சொல்லக் கூடாதுன்னு இல்ல, அக்கா மனசு கஷ்டப்படுமேன்னுதான்…"

 பெண் விரலில் இருந்த இரும்புத் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தாள். "எந்த லேப்?" என்று கேட்டு, இடத்தைத் தெரிந்துகொண்டு இறங்கிப் போனாள்.

ஊரில் அவர் ஃபிலிம் கொடுக்கும் லேப் ஒன்றே ஒன்றுதான். அதை நடத்தும் லேப்காரர் நூறுவுக்கு இருபது வருஷ நண்பர். ஒருவரை ஒருவர் 'டா' போட்டுப் பேசிக்கொள்வார்கள். அந்த மனுஷர் கையில் ஒரு ரோல் கெட்டதாகச் சரித்திரம் கிடையாது. ஃபிலிமின் ஓரத்தைத் தவிர நடுவில் விரல் வைக்க மாட்டார். வேலையாட்கள் ஈரக் கையோடு உள்ளே வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவார். அப்பேர்ப்பட்டவர் தலையில்தான் நூறு கல்லைத் தூக்கிப் போட்டார். போட்டுவிட்டு, லேப்காரர் அந்தப் பெண்ணிடம் இல்லை என்று சாதிப்பார், இரண்டு பேர் பேச்சுக்கு நடுவில் விஷயம் மழுங்கிப் போய்விடும் என்று ஒரு கணக்கும் போட்டு வைத்திருந்தார்.

கணக்கு தப்பியது. மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மனைவி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உங்க சிநேகிதன் செஞ்ச காரியம் தெரியுமா? சட்டைக் கம்பெனியில ஒரு அம்மா செத்துப் போச்சாம். அவங்க படத்த இந்த மனுஷன் மெஷின்ல விட்டுக் கிழிச்சுட்டாராம். அவரே ஒத்துக்கிட்டாராம். காய்கறிக் கடையில ஒரே பேச்சு."

நூறு பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தார். "ஒத்துக்கிட்டானா?"

"ஆமா. நேத்து அந்தப் பொண்ணு லேப் வாசல்ல நின்னு கேட்டிருக்கா, அத்தன பேருக்கு முன்னால. 'கிழிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கம்மா இன்னொரு படம் எடுத்திருப்பாங்களே, ரெண்டு வருஷம் உயிரோடதானே இருந்தாங்க'ன்னு. அவரு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாராம். கம்பெனிப் பொண்ணுங்க யாரும் இனிமே அங்க போக மாட்டாங்களாம். நீங்களும் உங்க ஃபிலிம அங்க குடுக்காதீங்க. இருபது வருஷமா ஒழுங்கா இருந்து என்ன பிரயோஜனம், இப்படி ஒரு கவனமில்லாத மனுஷன்!"

"அவன் மேல தப்பில்ல," என்றார் நூறு.

"பின்ன யார் மேல தப்பு?"

நூறு தண்ணீரை எடுத்துக் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். 

அன்று சாயங்காலம் நூறு லேப்புக்குப் போனபோது கவுன்டரில் ஆள் இல்லை. லேப்காரர் உள்ளே வெளிச்ச மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். பால் வெள்ளைக் கண்ணாடி, அதன் கீழே விளக்கு. அதன் மேல் ஆறு ஆறாக வெட்டிய நெகட்டிவ் துண்டுகள் வரிசையாகப் பரப்பியிருந்தன. ஸ்டுடியோ கூரை ஒழுகுகிறது என்று தன் நெகட்டிவ்களையெல்லாம் லேப் அலமாரியில்தான் நூறு போட்டு வைத்திருந்தார். அது அவருக்கு மறந்தே போயிருந்தது.

"வாடா," என்றார் லேப்காரர், திரும்பாமல். "அந்தப் பொண்ணு வந்து கேட்டதும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. நம்ம கையில ஒண்ணு போயிருக்கே, எப்படித் தெரியாமப் போச்சுன்னு. நாளைக்கு வாம்மான்னு அனுப்பிட்டு ஒரு நாள் பூரா தேடினேன். அந்த விழாவோட ஆறு ரோலும் இருக்கு."

நூறு மேஜையருகே போகவில்லை.

"கிட்ட வாடா. உன் ஃபிலிம்தானே, நீ பாக்காம யாரு பாக்குறது? ஓரத்துல எண் போட்டிருக்கான் பாரு. ஒண்ணுலேர்ந்து முப்பத்தாறு வரைக்கும் ஒரு கட்டம் விடாம இருக்கு. கிழியல, கருகல, வீணாப் போகல. முப்பத்தி மூணு, மேடையில எல்லாரும் நிக்கிறது. முப்பத்தி நாலு, மேனேஜர் சம்சாரம் கார்ல ஏறுது. முப்பத்தஞ்சு, அதே கார். முப்பத்தாறு…" லேப்காரர் பூதக்கண்ணாடியை நீட்டினார்.

நூறு குனிந்து பார்த்தார். முப்பத்தாறாவது படத்தில் கார் ஜன்னல் வழியாக மேனேஜர் வீட்டு நாய் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதுவும் ஆடிப் போன படம்.

"வெறும் ஃபிளாஷா?"

நூறு தலையை ஆட்டினார்.

"ரெண்டு தடவையும்?"

"ஆமாடா."

"பையில நானூறு ஒரு ரோல் எப்பவும் பிரிக்காமக் கிடக்குமே உங்கிட்ட. அத மாட்டி ஒண்ணு எடுத்திருக்கலாமே."

இதற்குப் பதில் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "அதுல எடுத்தா புள்ளி புள்ளியா வரும். என் பேரு போட்ட கவர்ல அப்படி ஒரு படம் வெளிய போக வேணாம்னு…"  தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

லேப்காரர் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரத்தை மட்டும் பிடித்து, காகித உறைக்குள் செருகினார்.

"நீ ஏண்டா ஒத்துக்கிட்ட?" என்று கேட்டார் நூறு.

"என்ன சொல்லச் சொல்ற? உங்கம்மாவுக்கு ஒரு கட்டம்கூடத் தர மனசு வரல எங்க ஆளுக்குன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லவா? மெஷின் கிழிச்சுதுன்னா அவ எம்மேல கோவப்பட்டுட்டுப் போய்டுவா. இதச் சொன்னா அவ அம்மாவுக்குல்ல அசிங்கம்." அவர் விளக்கை அணைத்தார். "எனக்காக ஒண்ணும் நீ சொல்ல வேணாம். ஆனா இனிமே என் முன்னால அந்த ஃபிலிமப் பத்தி மட்டும் பேசாத."

அடுத்த நாள் காலை நூறு குளித்துவிட்டுச் சட்டையை மாட்டினார். பட்டன் போடும்போது இரண்டாவது பட்டனில் விரல் நின்றது. மற்றதெல்லாம் தளர்ந்து ஆடின, அது மட்டும் கல் மாதிரி இருந்தது. சட்டையைக் கழற்றி வேறொன்றைப் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டையோடு அந்தப் பெண் முன்னால் போய் நிற்க அவருக்குத் தைரியமில்லை. கிளம்பும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், நின்றபடியே, நாலு வாக்கியத்தில். மனைவி கேட்டுவிட்டு, "போய்ட்டு வாங்க," என்று மட்டும் சொன்னார். வழக்கம்போல ஒரு குத்தல் பேச்சு வந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் கம்பெனி வாசலில் கூட்டமாக வெளியே வந்தார்கள். பெண் அவரைப் பார்த்துவிட்டுத் தனியாக வந்தாள். அவர் கையில் உறை ஏதாவது இருக்கிறதா என்று அவள் கண் முதலில் தேடியது. அதைப் பார்த்தபோதே நூறுவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"கிடைச்சுதா மாமா?"

"இல்லம்மா. கிடைக்காது. அப்படி ஒரு படமே இல்ல." கால் மாற்றி நின்றார். "லேப்ல எதுவும் கிழியல. நான்தான் எடுக்கல. ஃபிலிம் மூணுதான் மிச்சம் இருந்துச்சு. அத மேனேஜர் வீட்டுக்கு வெச்சிருந்தேன். வெறும் வெளிச்சத்த மட்டும் அடிச்சு உங்கம்மாவ ஏமாத்திட்டேன். ரெண்டு தடவையும். அப்புறம் உன்னையும் ஏமாத்திட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துத் தயாராக வந்திருந்தார். காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு நிற்பது என்று வழியெல்லாம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தார். அவள் கத்தவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள். கேட்டது புரியாதது போல ஒரு தடவை பின்னால் திரும்பி, டிபன் டப்பாக்களைத் திறந்து உட்கார்ந்திருந்த மற்ற பெண்களைப் பார்த்தாள்.

"அப்ப லேப் மாமா மேல தப்பில்லையா?"

"இல்லம்மா."

"அவர அத்தன பேருக்கு முன்னால கேட்டுட்டேனே!" அவளுக்குக் குரல் உடைந்தது அங்கேதான். "வாங்க. இப்பவே வாங்க."

சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். முன்னால் அவள், நாலு அடி பின்னால் நூறு. கடைத்தெரு முழுக்க அப்படியே நடந்தார்கள். தெரிந்தவர்கள் "என்ன நூறு, எங்க இந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். நூறு அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டு நடந்தார். லேப்பில் நாலைந்து பேர் கவுன்டரில் நின்றிருந்தார்கள். பெண் நேராகப் போய், அவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி, "மாமா, உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. தெரியாமப் பேசிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க," என்றாள்.

லேப்காரர் பதறிப் போனார். "அதெல்லாம் எதுக்கும்மா? விடும்மா, விடு."

"அப்ப யாரு கெடுத்தது?" என்று கவுன்டரில் நின்ற ஒருவர் கேட்டார். அந்த மாதிரி ஆள் எல்லா இடத்திலும் ஒருவர் இருப்பார்.

பெண் வாயைத் திறக்கவில்லை. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லேப்காரரும் ஏதோ ரசீதைத் தேடுவது போல இழுப்பறைக்குள் குனிந்துகொண்டார். இருவரும் தன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பது நூறுவுக்குத் தாங்கவில்லை.

"நான்தாங்க," என்றார். "நான் படமே எடுக்கல."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.  கேள்வி கேட்டவர் தன் கவரைத் திறந்து படங்களை எண்ண ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் பெண் நின்றாள். கம்பெனிக்குத் திரும்ப இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஃபிலிம் இல்லாட்டிப் போகுது. நீங்க கேமரா வழியா அம்மாவப் பாத்தீங்கல்ல? யாரும் அம்மாவ அப்படித் தனியா நிக்க வெச்சுப் பாத்ததே இல்ல. ரெண்டாவது தடவ… கண்ணு தொறந்திருந்தாங்களா? சிரிச்சாங்களா?"

தொறந்திருந்தாங்கம்மா, ரொம்ப நல்லாச் சிரிச்சாங்க. இதுதான் சொல்ல வேண்டியது என்று நூறுவுக்குத் தெரியும். சொன்னால் அந்தப் பெண் அதை ஆயுசு முழுக்க வைத்துக்கொள்வாள். ஒரு விதத்தில் அதுவும் ஒரு படம்தான். ஆனால் "நல்லா வந்திருக்கு" என்று அவள் அம்மாவிடம் சொன்னதும் இதே வாய்தான்.

கேமராவைக் கண்ணருகே தூக்கியது ஞாபகம் இருக்கிறது. பெருவிரல் நகர்ந்தது ஞாபகம் இருக்கிறது. வாசலில் காரின் கதவு திறந்தது, நாய் குரைத்தது, எல்லாமே நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். படம் எடுக்காத ஆளை எதற்குக் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும் என்று கேமராவுக்கு மேலாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்ற முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு முயன்றாலும் வரவில்லை. இரவல் சால்வை வருகிறது. கோத்த கைகள் வருகின்றன. முகம் மட்டும் வரவில்லை.

"தெரியாதும்மா," என்றார். "நான் பாக்கல."

 பெண் விரலில் இரும்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போனாள்.